ஞாபக மாத்திரையும் சதாவதானியும்

கொஞ்சம் நீளமான த்ரெட். ஓபி இல்லாத ஞாயித்துக்கிழமை உக்காந்து எழுதுறேன். நீங்களும் டீயோட உக்காந்து படிங்க.

போன மாசம் ஒரு அம்மா தன் பையனைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. கச்சிராயபாளையம் பக்கத்துல ஒரு கிராமம். பையன் ப்ளஸ் ஒன்.

"சார், படிக்கிறது எதுவும் மண்டையில நிக்க மாட்டேங்குது. ஞாபக சக்திக்கு ஏதாவது மாத்திரை எழுதிக் குடுங்க. டானிக்கா இருந்தாலும் பரவால்ல."

பையன் தரையைப் பார்த்துக்கிட்டே நின்னான். பள்ளிக்கூடத்துலயும் வீட்டுலயும் அவனுக்கு ஏற்கெனவே 'மக்கு'ன்னு பேர் வெச்சாச்சு. அதை அவனும் நம்பிட்டான். இதுதான் எனக்கு உறுத்துச்சு.

இப்படி வர்ற பிள்ளைகளை "போய் ஒழுங்கா படி"ன்னு அனுப்பிடக் கூடாது. ரத்தசோகை, தைராய்டு, கண் பார்வை, காது, வலிப்பு, தூக்கம், மனச்சோர்வு எல்லாத்தையும் பார்க்கணும். பார்த்தேன். தூக்கம் மட்டும்தான் இடிச்சுது. ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் புத்தகம், காலையில அஞ்சு மணிக்கு எழுப்பல், ஆறரைக்கு ஸ்கூல் பஸ்.

அப்புறம் ஒரு சின்ன சோதனை. வினாடிக்கு ஒன்னா எண்களைச் சொல்லிக்கிட்டே போவேன், முடிச்சதும் அவன் அதே வரிசையில திருப்பிச் சொல்லணும். அஞ்சு எண் சொன்னான். ஆறு, ஏழு சொன்னான். எட்டுல தடுமாறிட்டான்.

"எனக்கும் ஏழுதாம்மா"ன்னேன். அந்த அம்மா நம்பல.

பேச்சு கரும்புப் பக்கம் போச்சு. அவங்க வீட்டுல கரும்பு போடுறாங்க. இங்க சர்க்கரை ஆலை ஓடுற சீசன்ல டிராக்டர்கள் வரிசைகட்டி நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. பையன் அதுல எந்த நம்பர் வண்டி யாரோடது, எந்த ஊர் கரும்பு, எந்த வண்டிக்கு எந்த ஹாரன் பாட்டுன்னு கடகடன்னு சொல்றான். போன சீசனையும் சேர்த்து. நானே எண்ணுறதை நிறுத்திட்டேன்.

ஏழு எண்ணுக்கு மேல ஏறாத மண்டையில இத்தனை வண்டி எப்படி ஏறுச்சு? அதுக்கு உங்களை 1907க்குக் கூட்டிட்டுப் போகணும்.

1907 மார்ச் 10. சென்னை விக்டோரியா பப்ளிக் ஹால். சென்ட்ரல் பக்கத்துல, ரிப்பன் மாளிகையை ஒட்டி நிக்குதே, அந்தச் சிவப்புக் கட்டடம். (அப்போ ரிப்பன் மாளிகையே கிடையாது.) மேடையில இருந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். 1874ல நாகர்கோவில் கோட்டாறு பக்கத்துல இடலாக்குடியில பிறந்தவர். அந்த ஊர் அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானம், பள்ளிக்கூடத்துல மலையாளம்தான். தமிழை சங்கரநாராயண அண்ணாவிங்கிற ஆசிரியர்கிட்ட தனியா கத்துக்கிட்டவர். பின்னாடி சீறாப்புராணத்துக்கு உரை எழுதினவர், கதர் கட்டினவர், 2008ல தபால்தலையில வந்தவர்.

அன்னிக்கு அந்த மேடையில அவர் செய்து காட்டினது சதாவதானம். சதம்னா நூறு. ஒரே அமர்வுல நூறு விஷயங்களுக்குக் கவனம் கொடுத்து எல்லாத்துக்கும் பதில் சொல்றது.

எட்டு விஷயம்னா அட்டாவதானம், பத்துன்னா தசாவதானம், பதினாறுன்னா சோடசாவதானம். இதெல்லாம் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலவர்கள் பேருக்கு முன்னாடி இன்னிக்கு டாக்டர் போடுற மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். 'விநோதரச மஞ்சரி' எழுதினவர் அட்டாவதானம் வீராசாமி செட்டியார். திரு.வி.க.வுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளையும் சதாவதானிதான்.

அவதானம் எப்படி நடக்கும்? சுத்தி ஆட்கள். ஒருத்தர் நடுநடுவுல மணி அடிப்பார், மொத்தம் எத்தனைன்னு கடைசியில சொல்லணும். ஒருத்தர் முதுகுல பூவோ கல்லோ போடுவார், அதையும் எண்ணணும். ஒருத்தர் கணக்குக் கேட்பார். ஒருத்தர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒருத்தர் ஒரு பாட்டோட எழுத்துகளை வரிசை மாத்தி ஒன்னொன்னா சொல்லுவார், முடிவுல முழுப் பாட்டையும் சொல்லணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தெலுங்கு அவதானத்துல இருக்கிற ஒரு அங்கம். அதுக்குப் பேர் 'அப்ரஸ்துத பிரசங்கம்', அதாவது சம்பந்தமில்லாத பேச்சு. ஒருத்தரோட வேலையே அவதானியைத் திசைதிருப்புறதுதான். வெண்பா யோசிக்கிற நேரம் பார்த்து "நேத்து உங்க வீட்டுல என்ன குழம்பு?"ங்கிற ரகத்துல கேள்வி வரும். அதுக்கும் நகைச்சுவையா பதில் சொல்லிட்டு விட்ட இடத்துலயே தொடரணும்.

பாவலரைப் பத்தி ஒரு கதை சொல்லுவாங்க. ராமன் துருக்கனுக்குத் துணைங்கிற பொருள்ல ஒரு ஈற்றடி கொடுத்தாங்களாம். முஸ்லிம் புலவர், ராமன் பேர், மாட்டிவிடணும்னே கேட்ட கேள்வி. அவர் ராமனோட தம்பிகளை வரிசையா பாடிக்கிட்டே வந்து, முந்தின அடியை 'சத்'துன்னு முடிச்சாராம். 'துருக்கன்' சத்துருக்கன் ஆயிட்டான். சபை எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ அந்தச் சொல்லைக் கவனிங்க. அவதானம். இலங்கைத் தமிழர்கள் இன்னிக்கும் 'அவதானமாகச் செல்லவும்'னு சொல்லுவாங்க, கவனமா போங்கன்னு அர்த்தம். தூய தமிழ்ல இந்தக் கலைக்குக் கவனகம்னு பேர். பாருங்க, நூறு விஷயத்தை நினைவுல வெக்கிறவருக்கு 'ஞாபகசாலி'ன்னு யாரும் பேர் வெக்கல, கவனிக்கிறவர்னுதான் வெச்சாங்க. கடைசியில எல்லாத்தையும் திருப்பிச் சொல்ற பகுதிக்கு மட்டும் தாரணைன்னு தனிப் பேர். கவனம் வேற, தக்கவைப்பு வேற. மனோதத்துவப் பாடப்புத்தகத்துலயும் இது ரெண்டுக்கும் தனித்தனி அத்தியாயம்தான்.

(நம்ம முன்னோர்கள் எல்லாத்தையும் அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்கன்னு வாட்ஸப் பார்வேர்டு போடப் போறேன்னு நினைக்காதீங்க. அவங்க செய்து காட்டினாங்க. ஏன் முடியுதுன்னு அளந்து சொன்னது வேற ஆட்கள்.)

அளக்க ஆரம்பிச்சவர் ஜெர்மனியில ஹெர்மன் எபிங்ஹாஸ். 1885ல புத்தகம் போட்டார். சோதனைக்கு ஆள் தேடல, தானே உக்காந்தார். அர்த்தமே இல்லாத அசைகள் சுமார் 2300 தயார் பண்ணி, மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்குதுன்னு பார்த்தார். மறுபடி படிக்கிறப்போ எவ்வளவு உழைப்பு மிச்சமாகுதுங்கிறதுதான் அவரோட அளவுகோல். 20 நிமிஷத்துல மிச்சம் 58 சதவீதம். ஒரு மணி நேரத்துல 44. ஒரு நாள்ல 34. ஒரு மாசம் கழிச்சு 21.

ஏன் அர்த்தமில்லாத அசை? அர்த்தம் இருந்தா பழசோட ஒட்டிக்கும், அளவு கெட்டுப்போகும். சுத்தமான நினைவை மட்டும் அளக்கணும்னு அர்த்தத்தையே உரிச்சுப் போட்டுட்டார். அதே காலத்துல நம்ம அவதானிகள் நேரெதிர்த் திசையில போய்க்கிட்டு இருந்தாங்க. அவங்க கையில வந்த எதையும் அர்த்தம் ஒட்டாம விட்டதில்லை.

அடுத்தது 1956. அமெரிக்காவுல ஜார்ஜ் மில்லர். அதுக்கு முன்னாடி சுமார் நாற்பது வருஷம் அந்த ஊர் உளவியல்ல 'மனசு'ங்கிற சொல்லே தீட்டு. எலி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார், உள்ள என்ன நடக்குதுன்னு கேக்காதேங்கிற காலம். மில்லர் ஒரு கட்டுரை எழுதினார்: ஒரு நேரத்துல நம்ம மனசு கையில பிடிச்சு வெக்கிறது ஏழு, கூடக்குறைய ரெண்டு. பின்னாடி வந்தவங்க அது நாலுதான்னு இன்னும் குறைச்சாங்க.

ஆனா ஏழு எதுங்கிறதுதான் விஷயம். ஏழு எழுத்தா, ஏழு சொல்லா, ஏழு பொட்டலமா? மில்லர் சொன்னது பொட்டலம். மளிகைக் கடையில ரெண்டு கையில எத்தனை அரிசி மணி அள்ள முடியும்? அதே ரெண்டு கையில ரெண்டு சிப்பம் தூக்கலாம். கை அதேதான்.

இப்போ வெண்பாவுக்கு வாங்க. நாலடி வெண்பான்னா 15 சீர். தொடர்பில்லாத 15 சொல்லைச் சொல்லுங்கன்னா பாவலரும் நம்மள மாதிரி திணறியிருப்பார்னுதான் நினைக்கிறேன். ஆனா அந்த 15 சீரும் தளை தட்டாம ஒன்னோட ஒன்னு கொக்கி போட்டிருக்கு. எதுகை அடுத்த அடியோட தலையைப் பிடிச்சுக் கொடுக்கும், மோனை அடியோட நடுவைப் பிடிச்சுக் கொடுக்கும். ஆயிரக்கணக்கான வெண்பா ஊறின மண்டைக்கு அது 15 சரக்கு இல்ல, ஒரே பொட்டலம்.

இதை நிரூபிக்க அமெரிக்காவுல சதுரங்கம் உதவுச்சு. 1973ல வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன்னு ரெண்டு பேர். நிஜமான ஆட்டத்துல பாதியில இருக்கிற பலகையை 5 வினாடி காட்டிட்டு மறைச்சாங்க. மாஸ்டர் ஏறக்குறைய 16 காயைச் சரியா வெச்சார், புது ஆள் 4. சரி, மாஸ்டருக்குப் பெரிய மூளைன்னு முடிவு பண்ணலாமா? அதே காய்களைக் கன்னாபின்னான்னு இறைச்சுட்டுக் காட்டினாங்க. மாஸ்டரும் புது ஆளும் கிட்டத்தட்ட ஒரே நிலைமைக்கு வந்துட்டாங்க.

அதே சேஸ், அண்டர்ஸ் எரிக்சன்கிறவரோட சேர்ந்து இன்னொன்னு செய்தார். ஒரு சாதாரண கல்லூரி மாணவர், ஏழு எண் நினைவுல வெக்கிறவர், நம்ம பையன் மாதிரியேதான். ஒன்றரை வருஷத்துக்கு மேல, மொத்தம் சுமார் 230 மணி நேரம் பயிற்சி. முடிவுல 79 எண்! 1980ல வெளியான ஆய்வு. ரகசியம் என்னன்னா அவர் ஓட்டப்பந்தய வீரர். 3492ன்னு கேட்டா 3 நிமிஷம் 49.2 வினாடி, ஒரு மைல் ஓட்டத்துல உலக சாதனைக்குப் பக்கம்னு மாத்திக்குவார். எண்ணை எடுத்துட்டு எழுத்துகளைக் கொடுத்தாங்க. திரும்ப ஆறுக்கே வந்துட்டார்.

நம்ம பக்கத்துக்கும் இதுல ஒரு ஆள் உண்டு. ராஜன் மகாதேவன். 1981 ஜூலை 5, மங்களூர் மேடையில பை எண்ணோட 31,811 இலக்கங்களை மனப்பாடமா சொல்லி கின்னஸ்ல ஏறினவர். சின்ன வயசுலயே வீட்டு விருந்துக்கு வந்தவங்க கார் நம்பரையெல்லாம் ஒப்பிச்சவர்னு சொல்லுவாங்க (கரும்பு வண்டி ஞாபகம் வருதா?). பின்னாடி கான்சாஸ் போய் அங்கேயே உளவியல் படிச்சார். அவரை ஆராய்ச்சி பண்ண பேராசிரியர்கள் இது பிறவியிலேயே வந்ததுன்னு எழுதினாங்க. எரிக்சன் ஒத்துக்கல. எண்ணுக்குப் பதிலா புதுக் குறியீடுகளைக் கொடுத்துச் சோதிச்சார். ராஜனுக்கும் ஆறுதான் வந்துச்சு! பழகினதும் குறியீட்டை எண்ணா மாத்தி மேல ஏறினார். 2004ல வந்த அந்த ஆய்வுக் கட்டுரையை எழுதினவங்கள்ல ராஜனும் ஒருத்தர். தன் பிறவி வரம்னு மத்தவங்க சொன்னதைத் தானே உக்காந்து பிரிச்சுப் போட்டவரை எனக்கு அவரோட பை சாதனையைவிட அதிகமா பிடிக்கும்.

பிறவி வித்தியாசமே கிடையாதுன்னு நான் சொல்லல, அந்தச் சண்டை இன்னும் ஓயல. ஆனா வாசல் எல்லாருக்கும் குறுகல்தான்.

வாசல்னதும் கவனம் பத்திச் சொல்லியாகணும். 1953ல காலின் செர்ரி ஒரு சோதனை செய்தார். ஒரு காதுல ஒரு பேச்சு, இன்னொரு காதுல வேற பேச்சு. ஒன்னை மட்டும் கூடவே திருப்பிச் சொல்லணும். மத்த காதுல ஓடுற பேச்சு நடுவுல இங்கிலீஷ்ல இருந்து ஜெர்மனுக்கு மாறினதுகூடக் கேட்டவங்களுக்குத் தெரியல.

அப்போ நூறு விஷயத்துல ஒரே நேரத்துல கவனம் எப்படி? அவதானம் நடக்கிற விதத்தை உத்துப் பாருங்க. கேள்விகள் ஒன்னு முடிஞ்சு ஒன்னுதான் வரும். வெண்பாவும் ஒரே மூச்சுல வராது, சுத்துக்கு ஒரு அடி. அவதானி ஒவ்வொருத்தர்கிட்டயும் முழுசா போய், முழுசா திரும்பி வர்றார். விட்ட இடத்துல கொக்கி போட்டுட்டுப் போறார். ஒரே நேரத்துல நூறுன்னு நமக்குத் தோணுது. அவர் செய்றது நூறு தடவை சுத்தமா இடம் மாறுறது.

இது எனக்குப் பாடப்புத்தகத்துல புரியல. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ புரிஞ்சுது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். திங்கட்கிழமை ஓபி. ஒரு கையில போன், எதிர்ல நர்ஸ் அக்கா கையெழுத்துக்கு நீட்டுறாங்க, பக்கத்துல ஒரு தாத்தா மூச்சு வாங்குறார். எனக்குத்தான் எல்லாம் ஒரே நேரத்துல வரும்னு திமிரு. முன்னாடி வந்த நோயாளியோட சர்க்கரை மாத்திரையை அடுத்து வந்த பாட்டி சீட்டுல எழுதிட்டேன். பாட்டிக்குச் சர்க்கரையே கிடையாது. மருந்து கொடுக்கிற இடத்துல இருந்த பார்மசிஸ்ட் அண்ணன் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினார். இல்லன்னா ராத்திரி அந்தம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும். இன்னிக்கும் சீட்டு எழுதுறப்போ யார் கூப்பிட்டாலும் பேனாவைக் கீழ வெச்சுட்டுத்தான் நிமிர்றேன். கொஞ்சம் முசுடுன்னு பேர் வந்தாலும் பரவால்ல.

திரும்ப நம்ம பையன்கிட்ட வருவோம். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். நல்ல மார்க். ப்ளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில இங்கிலீஷ் மீடியம் சேர்த்திருக்காங்க, நீட் கனவு. விலங்கியல் புத்தகத்தைப் பிரிச்சு ஒரு பத்தி படிக்கச் சொன்னேன். தப்பில்லாம படிச்சான். அர்த்தம் கேட்டேன். முழிச்சான். எபிங்ஹாஸ் தன் அறையில உக்காந்து மனப்பாடம் பண்ணின அசைகள் ஞாபகம் வந்துச்சு. இவன் தினமும் அதைத்தான் செய்துகிட்டு இருக்கான், ராத்திரி பன்னிரண்டு வரைக்கும், அஞ்சு மணி நேரத் தூக்கத்துல.

எப்படிப் படிக்கிறேன்னு கேட்டேன். "திரும்பத் திரும்ப வாசிப்பேன் சார்."

2006ல ரோடிகர், கார்பிக்கி ரெண்டு பேரும் செய்த ஆய்வை அவனுக்குச் சொன்னேன். ஒரு கூட்டம் பாடத்தை மறுபடி மறுபடி வாசிச்சுது. இன்னொரு கூட்டம் ஒரு தடவை வாசிச்சுட்டு, மூடிவெச்சு, ஞாபகத்துல இருந்ததை எழுதிப் பார்த்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா வாசிச்சவங்க 81 சதவீதம், எழுதிப் பார்த்தவங்க 75. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா வாசிச்சவங்க 42, எழுதிப் பார்த்தவங்க 56. தலைகீழ்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடியைப் பிள்ளைங்க பார்த்துப் படிச்சதைவிட பார்க்காம ஒப்பிச்சதுதான் அதிகம். சட்டாம்பிள்ளை முன்னாடி நின்னு தினமும் ஒப்பிக்கணும். அதைப் பொற்காலம்னு சொல்ல வரல. அங்க பிரம்படி உண்டு, எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் அந்தத் திண்ணையில இடமும் இல்ல. ஆனா அந்த ஒப்பிக்கிற பழக்கம் மட்டும் சரியான பழக்கம். அவதானிகள் அந்த மாதிரிப் படிப்புல இருந்து வந்தவங்கதான்.

காந்தியும் ஒரு சதாவதானியைச் சோதிச்சிருக்கார். 1891ல லண்டன்ல இருந்து பம்பாய் வந்த புதுசுல ராய்சந்த்பாயைச் சந்திச்சார். தனக்குத் தெரிஞ்ச ஐரோப்பியச் சொல்லையெல்லாம் கொட்டினார். அவர் அதே வரிசையில திருப்பிச் சொன்னார். காந்திக்குப் பொறாமை வந்துச்சு, ஆனா அதுல மயங்கலன்னு எழுதுறார். அவரைப் பிடிச்சு இழுத்தது ராய்சந்த்பாயோட சாத்திர அறிவும் ஒழுக்கமும். ராய்சந்த்பாயும் அவதான மேடையை இளம் வயசுலயே விட்டுட்டார்.

பையனுக்கு மாத்திரை எழுதல. நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஞாபகத்தைக் கூட்டுற மாத்திரைன்னு நிரூபணமான ஒன்னு கிடையாது, டானிக்கும்தான். ஏழரை மணி நேரத் தூக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் முதல்ல தமிழ்ல அம்மாகிட்ட விளக்கிச் சொல்லணும், அப்புறம் இங்கிலீஷ். படிச்சதை மூடிவெச்சு எழுதிப் பார்க்கணும், மறுநாள் ஒரு தடவை, வாரம் கழிச்சு ஒரு தடவை. அவ்வளவுதான் சீட்டு.

அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வரல, முகத்துலயே தெரிஞ்சுது. கிளம்புறப்போ தன்னோட சீட்டையும் நீட்டினாங்க. பிபி, சர்க்கரை ரெண்டும் இருக்கு. வழக்கம்போல நான் ஒரே மூச்சுல சொன்னேன்: இது காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி, இது ரெண்டு வேளை சாப்பிட்ட பிறகு, இது ராத்திரி மட்டும், உப்பைக் குறைங்க, நடங்க, பத்து நாள் கழிச்சு ரத்தப் பரிசோதனை, வெறும் வயித்துல வாங்க.

ஏழு விஷயம். இருபது வினாடி. அப்புறம் அடுத்த மாசம் "சொன்னதை ஏன்மா மறக்குறீங்க"ன்னு நாமளே திட்டுவோம். டாக்டர் சொல்றதுல 40 முதல் 80 சதவீதம் உடனே மறந்துபோகுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. நோயாளியோட மண்டையில கோளாறு இல்ல, வாசல் அவ்வளவுதான்.

அதனால இப்போ ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். நீளமா போற ஓபி இன்னும் கொஞ்சம் நீளுது, வெளிய வரிசையில திட்டு விழுது. பரவால்ல. மூணு விஷயம் மட்டும் சொல்லிட்டு, மாத்திரையை அவங்க கையிலயே கொடுத்து, "இப்போ நீங்க எனக்குச் சொல்லுங்க பாப்போம்"னு கேக்குறேன்.

அந்த அம்மா வெள்ளை மாத்திரையை எடுத்து, "இது காலையில..."ன்னு ஆரம்பிச்சாங்க.

"அம்மா, அது ராத்திரி மாத்திரை"ன்னான் பையன்.